உடைந்த கஜு

கஜு பார் சுடுவதற்கு முழுக் கஜு வாங்குவது காசைக் கரியாக்கும் வேலை. கடைகளில் முழுக் கஜு ஒரு விலை, பாதி ஒரு விலை, உடைந்தது அதைவிடக் குறைந்த விலை. கேக்கின் மேல் அழகாக அடுக்குவதென்றால் முழுதை வாங்கலாம். பாருக்கு உடைந்ததுதான் நல்லது. துண்டு சிறிதாக இருந்தால் பாணி எல்லாப் பக்கமும் பிடிக்கும். வெட்டும்போது கத்தியில் அகப்பட்டுப் பெயர்ந்து விழாது.

அடியில் வருவது பிஸ்கட் மா. சீனி ஒரு பங்கு, பட்டர் இரண்டு பங்கு, கோதுமை மா மூன்று பங்கு. எங்கள் 9 அங்குலச் சதுரத் தட்டுக்குச் சீனி 75 கிராம், பட்டர் 150, மா 225, ஒரு சிட்டிகை உப்பு. மாஜரீனில் செய்தால் அந்த மணம் வராது. ஆனாலும் பட்டரின் விலையைக் கேட்டுவிட்டுப் பாதிக்குப் பாதி கலப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். குளிர்ந்த பட்டரை விரல் நுனியால் மாவோடு உதிர்த்து, தண்ணீர் விடாமல் தட்டில் அழுத்தி, முள்ளுக்கரண்டியால் குத்திவிட்டு, 180 பாகைச் சூட்டில் 20 நிமிடம் வைக்க வேண்டும். அடியைத் தனியாகச் சுடாமல் பாணியை ஊற்றினால் ஊறிக் களியாகிவிடும்.

மேலே போடுவதற்குப் பட்டர் 75 கிராம், சீவிய கித்துள் கருப்பட்டி 100 கிராம், கித்துள் பாணி 3 மேசைக்கரண்டி, க்ரீம் 2 மேசைக்கரண்டி. இவை கரைந்து 2 நிமிடம் கொதித்ததும் 250 கிராம் கஜுவைக் கொட்டிக் கிளறி, சூடான அடியின் மேல் பரப்பி, மறுபடியும் 15 நிமிடம் சுட வேண்டும். நடுப்பகுதியிலும் குமிழி வர வேண்டும். ஓரம் மட்டும் கொதித்தால் நடு இறுகாது. இளஞ்சூட்டில் வெட்டினால் துண்டு ஒழுங்காக வரும்.

உடைந்த கஜுப் பையைக் கண்டால் எங்கள் உம்மம்மாவின் முகம் மாறும். அவர் புத்தளத்தில் பல வருடம் கூலிக்குக் கஜு உடைத்தவர். பழத்தின் அடியில் தொங்கும் கொட்டையைக் காயவைத்து, மூட்டையாக வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்களாம். கஜு ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டால் பொசுக்கிவிடும். பட்ட இடம் கறுத்து உரியும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்பார்களாம். முழுதாக வந்த பருப்புக்கு முழுக் கூலி, உடைந்ததற்குக் கழிவு. அளவுக்கு மீறிக் காய்ந்த கொட்டையில் பருப்பு இலேசாக நொறுங்கும். காயவைத்தது வேறு யாரோ. கழித்ததோ உடைத்தவளின் கூலியில்.

விரல் வைத்தால் திறக்கும் போன் ஒன்றை நானா அவருக்கு வாங்கிக் கொடுத்தார். எந்த விரலை வைத்தும் அது திறக்கவில்லை. வயது போனவர்களுக்கு அப்படித்தான் என்று கடைக்காரர் சொன்னார். உம்மம்மா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வருடமாக உம்மா பெருநாளுக்கு ஓடர் எடுத்துப் பார் சுடுகிறார். போன நோன்புப் பெருநாளுக்கு முந்திய நாள் ஒருவர் வந்து, பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “எல்லாம் உடைஞ்ச கஜுதானே, விலையைக் கொஞ்சம் குறைங்களேன்” என்றார். அவர் கேட்டதிலும் பிழையில்லை. சாமான் விலை ஏறிய நாளிலிருந்து எல்லோரும் எல்லா இடத்திலும் கேட்பதுதான். உம்மாவும் குறைக்கத்தான் வாயெடுத்தார்.

உள்ளே கதிரையில் இருந்த உம்மம்மா குரல் கொடுத்தார்: “கொறைக்க வேணாம் மகள். ஒடஞ்சதுக்கும் கைதான் வெந்திச்சு.”

வந்தவருக்கு அது விளங்கியிருக்காது. ஆனாலும் முழுக் காசையும் எண்ணி வைத்துவிட்டுப் போனார். உம்மாவுக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. அன்று பின்னேரம் முழுக்க இருவரும் அதிகம் பேசவில்லை.

இப்போது கஜுப் பை வந்தால் அதைச் சுளகில் கொட்டித் தெரிவது உம்மம்மாவின் வேலை. யாரும் கேட்காமல் அவரே எடுத்துக்கொண்டது. ஓட்டுத் துண்டு, தோல் எல்லாவற்றையும் ஒதுக்குவார். உடைந்ததற்குள் தப்பித்தவறி முழுசாக ஒன்று அகப்பட்டால், அதைப் புறம்பாக ஒரு சின்னப் போத்தலில் போடுவார். அந்தப் போத்தல் நிறைந்ததும் எங்கள் வீட்டில் வட்டிலப்பம்.