அப்பாவின் தோள்வலியும் ஒரு கிரீஸ் நிப்பிளும்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, "எனக்குக் கவிதையெல்லாம் வராதுப்பா" என்று நழுவப் பார்த்தேன். "உனக்குத் தெரிஞ்சதை எழுதுலே, போதும்" என்றான். எனக்குத் தெரிந்தது ஒரு மோட்டார். அதுவும் எங்கள் வீட்டுப் படகு மோட்டார். அதைப் பற்றியே எழுதுகிறேன். நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்!

எங்கள் வீடு திரேஸ்புரத்தில் இருக்கிறது. தாத்தா முத்துக்குளித்தவர். தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். அதற்குப் பிறகு அது நடக்கவே இல்லை. ஆனால் முங்கிப் பழகியவர்கள் சும்மா இருப்பார்களா? சங்கு குளிக்கப் போனார்கள். இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் போகிறார்கள். அப்பா முங்குவதில்லை. சங்கு குளிக்கிறவர்களை பைபர் படகில் ஏற்றிக்கொண்டு போய், அவர்கள் முங்கி எழும்பும் வரை படகைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை.

தாத்தா காலத்தில் கயிறு பிடிக்க என்றே படகில் ஓர் ஆள் இருப்பாராம். கல்லில் கால் வைத்துக் கடலுக்குள் இறங்கியவர் கயிற்றைச் சுண்டினால், உடனே மேலே இழுத்துவிட வேண்டும். "முங்குறவன் உசுரு மேல நிக்கிறவன் கையிலதான் இருக்கு" என்று தாத்தா அடிக்கடி சொல்வார். இப்போது அந்தக் கயிற்றின் இடத்தில் மோட்டாரின் கைப்பிடி இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

எங்களுடையது 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார். பார்த்திராத நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த மாதிரி மோட்டாரை விற்பனையில் முதன்முதலாகப் பெரிய வெற்றியாக்கியவர் ஓலே எவின்ரூட். 1909-ல், அமெரிக்காவில். நார்வேயில் பிறந்து, சின்ன வயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்கா போய், பட்டறைகளில் வேலை செய்து தொழில் கற்றவர். பெரிய பட்டம் எதுவும் வாங்கியவர் இல்லை! தோணிக்குத் தனியாகச் சுக்கான் உண்டு. அவுட்போர்டு படகுக்கு அது கிடையாது. மோட்டாரே ஒரு செங்குத்துத் தண்டின் மேல் இடமும் வலமும் திரும்பும். விசிறி தள்ளும் திசை மாறும், படகும் திரும்பும். அந்தத் தண்டு அலுமினிய உறைக்குள், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு புஷ்களில் சுழல்கிறது. தண்டு இறுகிவிட்டால் மோட்டார் எவ்வளவு நன்றாக ஓடினாலும் படகு நம் சொல் கேட்காது.

போன பொங்கல் லீவில் நானும் அப்பாவோடு கடலுக்குப் போனேன். வாடைக்காற்று. நீவாடும் இழுப்பாக இருந்தது. முங்கிய ஒருவர் நாங்கள் எதிர்பார்த்த இடத்தில் எழும்பாமல், அணியத்துக்கு நேர் முன்னால் தலையைத் தூக்கிவிட்டார். அப்பா கைப்பிடியைத் தள்ளினார். கொஞ்சம் நகர்ந்து அப்படியே நின்றுவிட்டது. இரண்டு கையாலும் தள்ளினார். அசையவில்லை. சட்டென்று மோட்டாரை நிறுத்திவிட்டுத் துடுப்பை ஊன்றினார். படகு அவரை உரசாத குறையாக விலகிப் போனது. இடையில் ஒரு முழம்கூட இருக்காது.

அவர் மேலே ஏறி வந்து, "என்ன அண்ணே, தூங்கிட்டியளா?" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

அன்று ராத்திரி அம்மா அப்பாவின் வலது தோளுக்கு உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது எனக்குப் புதுக் காட்சி இல்லை. பல மாதமாகப் பார்த்ததுதான். கடல் வேலை என்றால் வலி இருக்கும் என்று நானும் இருந்துவிட்டேன். அன்றுதான் எனக்கு உறைத்தது.

"எப்பா, ஹேண்டில் எப்பம்லேருந்து இப்படி இறுக்கமா இருக்கு?"

"அது போன ஆடியிலேருந்தே அப்படித்தாம்லே. நமக்குக் கை பழகிட்டு."

மறுநாள் மெக்கானிக்கிடம் கேட்டோம். பிராக்கெட்டை அப்படியே மாற்றிவிடலாம் என்றார். அவர் சொன்ன தொகை என் ஒரு வருடப் பீஸை விட அதிகம். அப்பா பேசாமல் திரும்பி வந்துவிட்டார். நான் விடுவேனா? "நான் சரி பண்ணுதேன்பா" என்று மார்தட்டினேன்.

முதலில், பாடத்தில் படித்தபடி அளந்து பார்த்தேன். மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசைக் கைப்பிடியின் நுனியில் மாட்டி இழுத்தேன். 14 கிலோ காட்டியபோதுதான் அசைந்தது. கைப்பிடியின் நீளம் 60 செ.மீ. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 82 நியூட்டன் மீட்டர். நாள் முழுவதும், அலையில் ஆடிக்கொண்டே, ஒரு தோள் அதைத் தள்ளியிருக்கிறது!

கைப்பிடி தானாக ஆடாமல் இருப்பதற்கு ஓர் இறுக்குத் திருகு உண்டு. அதைத் தளர்த்தினேன். மாற்றம் இல்லை. அடுத்து கிரீஸ் கன். நிப்பிளில் வைத்து அழுத்தினேன். கிரீஸ் உள்ளே போகாமல் வெளியே வழிந்தது. கோபம் வந்தது. சுத்தியலை எடுத்து ஒரு தட்டு தட்டினேன். நிப்பிள் ஒடிந்து பாதி உள்ளே நின்றுவிட்டது.

அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "ஏலே, அது வார்ப்புலா. அடிச்சா விண்டுரும்" என்று சொல்லி, சுத்தியலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. வார்ப்பைப் பற்றிப் பரீட்சையில் பத்து மார்க் கேள்விக்குப் பதில் எழுதியவன் நான். பள்ளிக்கூடமே போகாத அப்பா சொல்லித்தான் அது வார்ப்பு என்பதே எனக்கு ஞாபகம் வந்தது!

லீவு முடிந்ததும் நம் பட்டறை ஆசிரியரிடம் கூச்சத்தோடு விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கடல்ல ஓடும்போது மட்டும் இறுக்கமா, கரையில நிறுத்தி வச்சிருக்கும்போதும் இறுக்கமா?"

"கரையிலயும்தான் சார்."

"அப்போ தண்டும் புஷ்ஷும்தான். ஓடும்போது மட்டும் ஒரு பக்கமா இழுத்தா, விசிறி சுத்துற வேகத்தால வர்றது. விசிறிக்கு மேல இருக்கிற சின்னத் தகட்டைத் திருப்பி வச்சாச் சரியாகும். உன் கேஸ் வேற. நீ வயித்தைச் சுத்தம் பண்ணாம மருந்தைக் கொடுத்திருக்கே."

அந்தச் சனிக்கிழமை வேலையைத் தொடங்கினேன். பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தள்ளி வைத்தேன். பிளக் ஒயரையும் எடுத்துவிட்டேன். ஒடிந்த நிப்பிள் துண்டை மெல்லத் துளையிட்டுத் திருகி எடுத்தேன். உள்ளே பழைய கிரீஸ் மெழுகு மாதிரி கட்டிப்போய்க் கிடந்தது. கூடவே சுண்ணாம்பு போல வெள்ளைத் தூள். எஃகும் அலுமினியமும் உப்புத்தண்ணீரில் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு மின்கலம் மாதிரி. அதில் அரிபடுவது அலுமினியம். அரிபட்டு வரும் அந்தத் தூள், இருந்த உலோகத்தைவிட அதிக இடம் அடைக்கும். போக இடமில்லாமல் புஷ்ஷை நெருக்கித் தண்டைக் கவ்விப் பிடிக்கும். கிரீஸ் இருந்தால் உப்புத்தண்ணீர் உள்ளே வராது. கிரீஸ் காய்ந்ததும் கதவு திறந்துவிட்டது!

சூடு காட்டினால் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அந்தப் பாடத்தையும் நாம் படித்திருக்கிறோம். ஆனால் பெட்ரோல் இருக்கிற இடத்தில் நெருப்புக் காட்டக்கூடாது. அதனால் கொதிக்கிற தண்ணீர். அம்மா குண்டானில் காய்ச்சிக் காய்ச்சிக் கொண்டுவந்தாள். உறைமேல் ஊற்றுவேன். மண்ணெண்ணெயும் என்ஜின் ஆயிலும் கலந்து சிரிஞ்சால் துளைக்குள் விடுவேன். காத்திருப்பேன். பிறகு இடது பக்கம் ஓர் அங்குலம், வலது பக்கம் ஓர் அங்குலம். பலம் காட்டவே இல்லை. கறுப்பாக வழிந்தது. பிறகு வெள்ளைக் குழம்பாக வந்தது.

மூன்றாவது குண்டானோ நாலாவதோ, அம்மா தண்ணீரை இறக்கி வைத்துவிட்டு, "வருசா வருசம் ஆடிக்கு முன்னாடி மெக்கானிக்கைக் கூப்பிட்டு எல்லாத்தையும் பார்ப்பாவோ. ரெண்டு வருசமாப் பாக்கல" என்றாள்.

"ஏம்மா?"

"உனக்குப் பீஸு கட்டுன வருசம்லா."

எனக்குக் கை ஓடவில்லை. என் பீஸ் ரசீதை நான் பத்திரமாக பைலில் வைத்திருக்கிறேன். அதன் இன்னொரு பிரதி அப்பாவின் வலது தோளில் இருந்திருக்கிறது. இரண்டு வருடம் நான் அதைப் படிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புது நிப்பிள் போட்டேன். கிரீஸ் கன்னை அழுத்த அழுத்த, மேலேயும் கீழேயும் பழைய அழுக்கு பிதுங்கி, கடைசியில் சுத்தமான புது கிரீஸ் எட்டிப் பார்த்தது. தராசை மாட்டி இழுத்தேன். 2 கிலோ! அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் வலது கையை நீட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, இடது கையின் ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். வெண்ணெயில் கத்தி போல் போனது. மறுபடியும் இந்தப் பக்கம், மறுபடியும் அந்தப் பக்கம். சின்னப் பிள்ளை மாதிரி நாலைந்து தடவை ஆட்டிப் பார்த்தார்.

"கிரீஸ் போடுறதுக்கு முன்னாடி நிப்பிளைத் துடைக்கணும்லே. இல்லேன்னா மண்ணும் சேர்ந்து உள்ள போயிரும்" என்றார். அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் வீட்டில் கிரீஸ் நாள். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரால் ஒரு கழுவு. தொழில் இல்லாத நாட்களிலும் கைப்பிடியை ஒருமுறை இடமும் வலமும் ஆட்டி வைப்போம். சும்மா கிடந்தால்தான் சீக்கிரம் கட்டும். இதற்கெல்லாம் ஆகிற செலவு ஒரு சினிமா டிக்கெட்கூட இல்லை. எல்லா மோட்டாரும் இப்படிச் சரியாகிவிடும் என்று சொல்லமாட்டேன். புஷ் தேய்ந்தோ ஊதியோ போயிருந்தால் கழற்றி மாற்றத்தான் வேண்டும். அப்போது சுத்தியலோடு போகாதீர்கள். அதற்கு நான் சாட்சி!

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் நாம்தான் முதலில் படிக்க வந்தவர்கள். நம் பீஸுக்காக வீட்டில் ஏதோ ஒன்று பார்க்காமல் விடப்பட்டிருக்கும். தறியோ, சைக்கிளோ, பம்புசெட்டோ, பல்வலியோ... கேட்டால் "பழகிட்டு" என்பார்கள். ஆடியிலேயே நான் கேட்டிருந்தால் ஐந்தாறு மாத வலியாவது மிஞ்சியிருக்கும். இறுக்கம் ஒரே நாளில் வருவதில்லை. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். அதனால்தான் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்த லீவில் வீட்டுக்குப் போனதும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். டிப்ளமோ கையில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு கிரீஸ் கன்னும் கொஞ்சம் வெந்நீரும் இன்றைக்கே கிடைக்கும்!