முழு வேகம்

2022 மார்ச் மாதம். மின்வெட்டு நாளுக்கு நாள் நீண்டு, மாதக் கடைசியில் 13 மணித்தியாலத்தைத் தொட்ட காலம். எங்கள் வீட்டுப் பழைய கொம்பியூட்டரின் ஹார்ட் டிஸ்க் 'டக் டக்' என்று சத்தமிடத் தொடங்கியது. மர்ஹூமான வாப்பா பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் வீடியோக்கள் அதற்குள்தான் இருந்தன. மொத்தம் 20 ஜீ.பீ. வேறெங்கும் பிரதி இல்லை.

வெளியே பொருத்தும் டிஸ்க் ஒன்றை இரவல் வாங்கி யூ.எஸ்.பி.யில் மாட்டினேன். ஐந்தரை மணித்தியாலத்துக்கு மேல் செல்லும் போலிருந்தது. அவ்வளவு நேரம் தொடர்ந்து மின்சாரத்துக்கு எங்கே போவது? கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம் என்றால், டிஸ்க் அதுவரை தாங்க வேண்டுமே! வயரை மாற்றினேன். முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கத்தில் செருகினேன். பலனில்லை.

மனைவிதான் கேட்டார்: "இஞ்ச பாருங்க, கரண்ட் வந்து போட்ற நேரமெல்லாம் இது 2005ஆம் ஆண்டு எண்டு காட்டுதே, ஏன்?"

அந்தக் கேள்விதான் வழியைக் காட்டியது. மின்சாரம் இல்லாத வேளையில் கொம்பியூட்டரின் கடிகாரத்தை ஓட்டுவதும் அதன் அடிப்படை அமைப்புகளைக் காப்பதும் உள்ளேயிருக்கும் சில்லறைக் காசு போன்ற பற்றரி. சீ.ஆர். 2032 என்று கடையில் கேட்டால் தருவார்கள். மின்வெட்டில் அது செத்துப்போயிருந்தது. அமைப்புகளெல்லாம் தொழிற்சாலையில் வைத்தபடி திரும்பிவிட்டன.

பிளக்கைக் கழற்றிவிட்டுப் புதுப் பற்றரியைப் போட்டேன். பிறகு, இயங்கத் தொடங்கும்போதே டிலீட் விசையை அழுத்தி பயோஸ் பக்கத்துக்குப் போனேன். யூ.எஸ்.பி. 2.0 என்பதற்கு எதிரே 'ஃபுல் ஸ்பீட்' என்றிருந்தது. முதல் நாளும் அதைப் பார்த்தவன்தான். முழு வேகத்துக்கு மேல் என்ன இருக்கிறது என்று திருப்தியோடு மூடிவிட்டேன்! இம்முறை அலுமாரியில் கிடந்த கைநூலைப் புரட்டினேன். ஆரம்ப கால யூ.எஸ்.பி.யில் விநாடிக்கு 12 மெகாபிட்தான் உச்சம். அதற்கே 'ஃபுல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2000ஆம் ஆண்டில் 480 மெகாபிட்டோடு யூ.எஸ்.பி. 2.0 வந்தபோது அந்தப் பெயர் மிச்சமில்லை. ஆகவே புதியது 'ஹை ஸ்பீட்' ஆனது. சொல்லின் பொருளை அது வரும் இடத்தை வைத்துப் பாருங்கள் என்று வருடக்கணக்காக மாணவருக்குப் படித்துக் கொடுப்பவன் நான்.

'ஹை ஸ்பீட்' என்று மாற்றிச் சேமித்தேன். கால் மணித்தியாலம் கடந்து கொஞ்ச நேரத்தில் கடைசி வீடியோவும் பிரதியாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். அடுத்த மின்வெட்டுக்கு 20 நிமிடம் இருந்தது. உம்மாவைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்து ஒன்றைப் போட்டேன். வாப்பா இருமிவிட்டுக் கதையைத் தொடங்கினார்.