8,500 ரூபாய் செல்ஃப் மோட்டார்

போன மாதம் நானும் மனைவியும் கல்வராயன் மலைக்குப் போயிருந்தோம். வெள்ளிமலையில் என்னிடம் படித்த பையன் ஒருவன் வீடு கட்டிக் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டிருந்தான். பையன் என்கிறேன், அவனுக்கே ஐம்பதை நெருங்குகிறது வயது. சாப்பிட்டு, பழைய கதையெல்லாம் பேசிவிட்டு, நாலரை மணிக்குக் கிளம்பலாம் என்று சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். மறுபடி திருப்பினேன். மறுபடியும் ‘டக்’.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சத்தம் எனக்குப் புதிதல்ல. பத்து நாளாகவே இரண்டு மூன்று தடவை திருப்பினால்தான் வண்டி எடுத்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானெட்டைக்கூடத் திறக்காமல், “செல்ஃப் மோட்டார் போயிடுச்சு சார். புதுசு மாத்தணும். கூலியோட 8,500 ஆகும்” என்றார்கள். பதினாலு வருஷத்து வண்டிக்கு இவ்வளவா என்று நினைத்தேன். அடுத்த மாதப் பென்ஷன் வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

என் மனைவிக்கு இரண்டு வருஷத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம் என்று ராத்திரி மாத்திரையை எடுத்து வரவில்லை. “ஏங்க, என் மாத்திரை வீட்ல இருக்கே” என்றாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்தது. பேட்டரி இறங்கியிருந்தால் வெளிச்சம் மங்கும், ‘டக்டக்டக்’ என்று தொடர்ந்து அடித்துக்கொள்ளும். வெளிச்சம் குறையாமல் ஒரே ‘டக்’ என்றால் பெரும்பாலும் கோளாறு மோட்டார் பக்கம். ஹெட்லைட் ஒன்றுக்கு 5 ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுற்ற 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

வீட்டுக்கு எதிரே நல்ல இறக்கம். ஆறு பேர் தள்ளினார்கள். சாவியை ஆன் செய்து, கிளட்சை மிதித்து, இரண்டாவது கியரில் போட்டு, வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டேன். வண்டி உதறிக்கொண்டு எடுத்தது. கியர் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்திருந்தால் இந்த வித்தை பலித்திருக்காது.

மலை இறங்கும்வரை எஞ்சின் அணைந்துவிடக் கூடாதே என்றுதான் நினைப்பு. கோமுகி அணையைப் பார்க்கக்கூட நிறுத்தவில்லை. கச்சிராயபாளையத்துக் கடைத்தெருவில் வண்டி நின்றபோதெல்லாம் ஆக்சிலரேட்டரில் லேசாகக் காலை வைத்துக்கொண்டே இருந்தேன். வீடு வந்து மாத்திரை போட்ட பிறகுதான் அவள் கேட்டாள்: “இப்படி ஆகும்னு தெரிஞ்சுதான் கூட்டிட்டுப் போனீங்களா?” என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியனை வீட்டுக்கே வரவழைத்தேன். முதலில் பேட்டரி டெர்மினலைப் பார்த்தார், பிறகு எர்த் ஒயரைப் பார்த்தார். அப்புறம்தான் மோட்டாரைக் கழற்றிப் பிரித்தார். உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்து துண்டாகக் கிடந்தது. புஷ்ஷும் தேய்ந்திருந்தது. “ஆர்மேச்சர் கருகியிருந்தா மாத்தித்தான் ஆகணும் வாத்தியாரே. இது நல்லா இருக்கு” என்றார். பிரஷ் செட், புஷ், கூலி எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய். இப்போது சாவியைத் தொட்டாலே எடுக்கிறது.

பிரித்துப் பார்க்க இப்போது யாருக்கும் நேரமில்லை, முழுசாக மாற்றுவதுதான் சுலபம் என்றார் அவர். புது மோட்டார் என்றால் கடைக்காரருக்கும் அரை நாள் வேலை மிச்சம்.

அம்பாசிடர் காலத்து ஆட்களுக்கு ஹேண்டில் ஞாபகம் இருக்கும். முன்னால் சொருகிச் சுற்றும்போது எதிர்த்து அடித்தால் மணிக்கட்டே போய்விடும். அந்தத் தொல்லைக்கு முடிவு கட்டத்தான் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் எலக்ட்ரிக் செல்ஃபைக் கொண்டுவந்தார். 1912-ஆம் வருஷத்துக் கேடிலாக் கார்களில் அது வந்தது. இன்றைய கார்களில் ஹேண்டில் போட ஓட்டையே கிடையாது. செல்ஃப் கைவிட்டால் தள்ள ஆள் வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

7,100 ரூபாய் மிச்சம் பிடித்தேன் என்று பெருமைப்பட முடியவில்லை. அந்த 1,400-ஐப் பத்து நாள் முன்னாலேயே செலவழித்திருக்கலாம். 8,500 என்று கேட்டதும் பயந்துபோய், இன்னொரு கடையில் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் வண்டியில் அந்த ‘டக்’ கேட்டால் அன்றைக்கே பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரைப் பட்டை ஒன்று இப்போது என் மனைவியின் கைப்பையிலேயே இருக்கிறது. அவளே எடுத்து வைத்துக்கொண்டாள்.