எண்ணெய்த் துளியின் பிறப்பிடம்

கல்லூரியை விட்டு நீங்கிப் பல்லாண்டுகள் சென்றபின், விரைந்தோடும் மோட்டார் வண்டியின்மீது நமக்கு ஆசை பிறந்தது. பிறர் ஓட்டிப் பழகிய ‘டர்போ’ வண்டியொன்றை வாங்கினோம். சின்னாட்களில் அது நிற்குமிடத்தில் நாடோறும் காலையில் ஒரு கரிய துளி காணப்படலாயிற்று. முதலிற் புளியங்கொட்டையளவாக இருந்த கறை, இரண்டு திங்களிற் தோசையளவாயிற்று. பழைய வண்டிக்கு இஃது இயல்பே என்று வாளாவிருந்தோம்.

அது பெரும்பிழை என்பதைக் கொடைக்கானல் மலைச்சாலை உணர்த்திற்று. ஏற்றத்தில் எண்ணெய் கருகும் நாற்றம் எழுந்தது. முன்மூடியின் இடுக்கில் புகையும் கிளம்பிற்று. குழந்தைகளை இறக்கிக்கொண்டு விலகி நின்றோம். எஞ்ஜின் எண்ணெய் 200 பாகை செல்சியஸுக்குச் சற்று மேற்பட்ட வெப்பத்திலேயே, தீப்பொறி பட்டாற் பற்றத்தக்க ஆவியை எழுப்பும். கடுமையாக உழைக்கும் டர்போவின் புகைவழியோ 800 பாகையையும் தாண்டவல்லது. அன்று தீப்பற்றாதது நம் நல்வினையே.

மறுநாள் பட்டறைக்குச் சென்றோம். எஞ்ஜினும் கியர்பெட்டியும் கூடுமிடத்தில் துளி தொங்குவதைக் கண்ட மெக்கானிக், கிராங்க் தண்டின் பின்புற ‘ஆயில் சீல்’ கெட்டுவிட்டதென்றார். நாமும் தலையசைத்தோம். கியர்பெட்டியைக் கழற்றிப் புதுச் சீல் பொருத்தியதில் ஒரு மாத ஊதியம் கரைந்தது. பத்தாம் நாள் துளி மீண்டும் தோன்றிற்று.

பின்னரே நாம் ஆராயத் துணிந்தோம். எஞ்ஜினை நன்கு கழுவித் துடைத்தோம். புறஊதா ஒளியில் ஒளிரும் சாயத்தை எண்ணெயிற் கலந்து சிறிது தூரம் ஓட்டினோம். இருட்டியபின் அதற்குரிய விளக்கைப் பிடித்துப் பார்த்தோம். பசுமஞ்சள் கோடொன்று மின்னிற்று. அதனைப் பற்றிக்கொண்டு மேனோக்கிச் சென்றபோது, வால்வு மூடியின் பின்மூலையில் அது முடிந்தது. அங்கே கசிந்த எண்ணெய், எஞ்ஜினின் முதுகுவழியே இறங்கி அடியிற் துளித்திருந்தது. குற்றமற்ற சீலையன்றோ தண்டித்தோம்!

மூடியின் கேஸ்கட்டை மாற்றி, போல்ட்டுகளை விதித்தபடி 10 நியூட்டன் மீட்டர் அளவே முறுக்கினோம். மூன்று வாரங்களில் மீண்டும் ஈரம்! எண்ணெயை வெளியே உந்துவது யாது என்று அப்போதுதான் சிந்தித்தோம். பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கும் வாயு வெளியேற ஒரு மூச்சுக்குழாயும் வால்வும் உண்டு. அவ்வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் மிகும். எண்ணெய் ஊற்றும் வாயில் ரப்பர்க் கையுறையை மாட்டி எஞ்ஜினை இயக்கினோம். அது பசுவின் மடிபோல் உப்பிற்று. குழாயைக் கழற்றினால் உள்ளே முழுவதும் கருஞ்சேறு! குழாயையும் வால்வையும் புதிதாக்கி, கேஸ்கட்டையும் மறுபடி மாற்றினோம். சீலுக்குச் செலவிட்டதிற் பத்திலொரு பங்குகூட ஆகவில்லை. அன்றுமுதல் தரை உலர்ந்தே இருக்கிறது.

துளி விழுந்த இடம் ஒன்று. கசிந்த இடம் வேறு. கசியச் செய்த காரணமோ பின்னும் வேறு. மெக்கானிக்கைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. கண்ணெதிரே தொங்கிய துளியை அவரைப்போலவே நாமும் நம்பினோம். கழுவாமல் தேடுவதும், காரணத்தைக் காணாமல் மாற்றுவதும் வீண்செலவே என்பதைக் காசு கொடுத்துக் கற்றோம். ஆயினும், காலையில் எழுந்ததும் வண்டியடியிற் குனிந்து பார்க்கும் வழக்கம் மட்டும் இன்னும் நம்மை விட்டபாடில்லை.