வீம்புக்கு வாங்கிய மேக்னம்

மலேசியாவில் சாதாரண மனிதனுக்குக் கைத்துப்பாக்கி லைசென்ஸ் கிடைப்பது குதிரைக் கொம்பு. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி மாநிலப் போலீஸ் தலைவர் மனது வைக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. ஸ்கூடாயில் நகைக்கடை நடத்தும் எனக்கு அது கிடைத்தது. கிடைத்ததும் தலைக்கனமும் வந்துவிட்டது. இடுப்பில் இருப்பதன் எடையே தெரியக்கூடாது, பெயர் மட்டும் கனமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

சொந்தத்தில் மாமா ஒருவர், ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜன். ".38 ஸ்பெஷல் எடு மாப்ள. இரும்பு பாடி, கொஞ்சம் கனம்தான், ஆனா கைல நிக்கும்" என்றார். இந்நாட்டுப் போலீஸ் நெடுங்காலம் இடுப்பில் வைத்திருந்த அளவு அது. "அது கிழவர் துப்பாக்கி மாமா" என்று சிரித்துவிட்டு .357 மேக்னம் வாங்கினேன். ஸ்காண்டியம் கலந்த அலுமினிய உடல், டைட்டானியம் சிலிண்டர், 350 கிராம்கூட இல்லை.

.38ஐவிட மேக்னத்தின் ஆற்றல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. முழு அளவு இரும்பு ரிவால்வர் ஒரு கிலோவை நெருங்கும். அந்த எடை உதையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். என்னுடையதில் அத்தனையும் உள்ளங்கைக்கு வந்தது. அதோடு, அந்த அதிர்ச்சியில் சிலிண்டரில் மீதமிருக்கும் தோட்டாக்களின் ஈயமுனை மெல்ல முன்னால் நழுவும். கூடுதலாக நழுவினால் சிலிண்டர் சுற்றாது, அடுத்த குண்டு வெடிக்காது. இதெல்லாம் வாங்கும்போதே தெரியும். படித்திருந்தேன். என் கைக்கு அப்படி நேராது என்றுதான் நினைத்தேன்.

சுடுமிடத்தில் விசையை இழுக்கும் முன்பே கை பயந்து கீழே தாழ்ந்தது. இலக்குத் தாளின் அடியில் மண் தெறித்தது. சரி, அதுவாவது பழக்கத்தில் மாறும். பழகவே போகவில்லை நான். பழகாதவன் என்று கடையில் தெரியக்கூடாதே என்ற கவலைதான் பெரிதாக இருந்தது. அதனால், பக்கத்து வரிசையில் யாரோ சுட்டுப் போட்டுவிட்டுப் போன தாளை எடுத்து வந்து பட்டறைச் சுவரில் ஒட்டினேன். நடு வட்டத்தில் நெருக்கமாக ஓட்டைகள். வேலைக்காரப் பையன்கள் பார்த்துவிட்டு, "முதலாளி இருக்கும்போது பயமில்லை" என்றார்கள். மறுக்கவில்லை. மாமாவும் பார்த்தார். "நல்லா வந்திருக்கு மாப்ள" என்றார்.

ஒரு நாள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். கைச்செயின் வாங்க வந்தவர்கள்தான். அது தெரியும்வரை போன அரை நிமிடத்தில் எனக்கு அவர்கள்மேல் பயமே வரவில்லை. கண்ணாடிக்கு அப்பால் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் குண்டு போவதாயிருந்தால் அங்கேதான் போகும்.

.357 துப்பாக்கியில் .38 தோட்டாவையும் சுடலாம். .38 துப்பாக்கியில் மேக்னம் தோட்டாவைப் போட முடியாது, அதன் கூடு நீளம். இப்போது சுடுமிடத்துக்குப் போய் .38தான் சுடுகிறேன். பரவாயில்லை, தாளுக்குள் விழுகிறது. சுவரில் இருப்பதை இன்னும் கிழிக்கவில்லை. மாமா கேட்டால், "மேக்னம்தான் மாமா" என்கிறேன்.