தாப்பா பழைய சாலையும் அப்பாவின் வீராவும்

மேற்குக் கரையிலிருந்து கேமரன் மலைக்கு ஏற இரண்டு சாலைகள் இருக்கின்றன. சிம்பாங் பூலாயிலிருந்து போவது அகலமானது. தாப்பாவிலிருந்து போவது பழையது, குறுகலானது, ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். என் வயதுக்காரர்களைக் கேட்டால் முதலாவதைத்தான் கைகாட்டுவார்கள். அப்பாவுக்கு மலைச்சாலை என்றால் தாப்பா சாலை மட்டும்தான். ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் அவர். பள்ளி விடுமுறை முடிந்து கீழே இறங்கும்போதெல்லாம் பேருந்து ஜன்னலில் வாந்தி எடுத்த வளைவுகளை இன்றும் வரிசையாகச் சொல்வார்.

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு எழுதினார். 1929இல் ‘போ’ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. தேயிலை பறிக்க வந்த தமிழ்க் குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. தாத்தா, பாட்டி போய்விட்டார்கள். அப்பாவின் அக்கா, என் பெரிய அத்தை, இன்னும் ரிங்லெட்டில்தான் இருக்கிறார். வயது எண்பதைத் தொடுகிறது. பத்து நாள் காய்ச்சலில் படுத்து எழுந்தார் என்று செய்தி வந்ததும், அப்பா கிள்ளானிலிருந்து எனக்குப் போன் அடித்தார். “சனிக்கிழமை போறோம். நம்ம கார்லதான்.”

“நம்ம கார்” என்றால் 1998இல் வாங்கிய புரோட்டோன் வீரா. 1993இல் வந்த ரகம், 2009இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். வாங்கும்போது முன்பணம் போதவில்லை. அத்தை தன் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தார். அதனால் அத்தை வீட்டுக்கு என்னுடைய புதிய காரில் போகலாம் என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

ஆனால் வீராவில் ஒரு சிக்கல் இருந்தது. ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே போனது. எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை. கிள்ளானில் ஒரு பட்டறையில் ரேடியேட்டரை மாற்றினார்கள். அடுத்த மாதம் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் மாற்றினார்கள். இரண்டும் சேர்த்து அறுநூறு வெள்ளிக்கு மேல். தண்ணீர் குறைவது நிற்கவில்லை. ஒரு வார இறுதியில் நானே துப்பறியலாம் என்று பழைய நாளிதழ்களை (இந்த இணைப்பும் அதில் உண்டு, மன்னிக்கவும்) காருக்கு அடியில் விரித்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

சனிக்கிழமை விடியற்காலை கிளம்பினோம். நெடுஞ்சாலையில் நூறைத் தாண்டாமல் ஓட்டினேன், சூடு காட்டும் முள் பாதிக்குக் கீழே அசையாமல் நின்றது. தாப்பாவில் இறங்கி மலைச்சாலையில் ஏறியதும் ஏர்கோனை அடைத்தேன். ஜன்னலைத் திறந்ததும் ஈரமண் வாசனை. மூங்கில் புதர்கள், பூர்வக்குடியினரின் சிறு கடைகளில் தொங்கும் பெத்தாய்க் கொத்துகள், எதிரே காய்கறி ஏற்றி இறங்கும் லாரிகள். இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் மாறி மாறி ஏறினோம். அரை மணி கழிந்திருக்கும், ஈரமண் வாசனைக்குள் இன்னொரு வாசனை கலந்தது. சர்க்கரைப் பாகு அடிப்பிடித்தாற்போல ஒரு தித்திப்பு. முள்ளைப் பார்த்தேன். முக்காலைத் தாண்டியிருந்தது.

நல்லவேளை, அடுத்த வளைவிலேயே லாத்தா இஸ்கண்டார் அருவி. சாலையை ஒட்டியே விழும் அருவி அது. காரை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினேன். அப்பா துண்டைச் சுருட்டிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். நான் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. மூடி இறுக்கமாக இருக்கும்வரை உள்ளே அழுத்தம் ஏறும், அதனால் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்காமல் ஏறத்தாழ நூற்றிருபது வரை தாங்கும். அந்த நேரத்தில் மூடியைத் திறந்தால் அழுத்தம் விழுந்து, உள்ளே இருப்பதெல்லாம் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். வானொலியில் சாலைப் பாதுகாப்பு பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். நடுங்கும் கையோடு அதைச் சொன்னது அன்றுதான்.

முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அருவியில் குடும்பங்கள் குளித்துக்கொண்டிருந்தன. அவித்த சோளம் வாங்கிக்கொண்டு கல்லில் உட்கார்ந்தோம். அப்பா பேசவில்லை. பிறகு பூட்டைத் திறந்து தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்தார். அங்கே ஒன்றல்ல, ஆறு இருந்தன. ஒன்றரை லிட்டர் பாட்டில்கள், துணி சுற்றி, சத்தம் வராதபடி அடுக்கியிருந்தன.

“தினமும் ஊத்துறீங்களாப்பா?”

“காலையில அஞ்சு மணிக்கு. அரை பாட்டில்தான்.”

“எத்தனை மாசமா?”

“போன தீபாவளியில இருந்து.”

எனக்குச் சொன்னால் காரை விற்கச் சொல்வேன் என்று பயந்திருக்கிறார். சொல்லியிருப்பேன்தான்.

பக்கத்தில் நிறுத்தியிருந்த முட்டைக்கோஸ் லாரியின் சீன ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். மலாயில் சுருக்கமாகச் சொன்னார்: மேலே போகாதே, ஏற்றம் இன்னும் நிறைய இருக்கிறது. இறக்கத்தில் எஞ்சினுக்குச் சுமை இல்லை. தாப்பாவுக்கு இறங்கு, பெட்ரோல் நிலையம் தாண்டி ஒரு தமிழ் போமன் இருக்கிறார். அப்பாவுக்கு மனமில்லை. அத்தை சமைத்து வைத்திருப்பார். ஆனால் வழியில் எஞ்சின் தலை வளைந்துவிட்டால் இந்தக் காரின் விலையைவிடச் செலவு அதிகமாகும் என்று அவருக்கும் தெரியும். தண்ணீரை நிரப்பிக்கொண்டு, மெல்ல இறங்கினோம்.

போமன் ஐம்பது வயதுக்காரர். பேச்சு குறைவு. அறுநூறு வெள்ளிக் கதையைக் கேட்டுவிட்டு, “எங்க ஒழுகுதுன்னு பாக்காம எதுக்குண்ணே மாத்தணும்?” என்று மட்டும் அப்பாவிடம் கேட்டார். எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தார். எண்ணெய் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே போகிறது என்று அர்த்தம். வெளுக்கவில்லை. முன் இருக்கைக் கால்விரிப்பைத் தூக்கிப் பார்த்தார், காய்ந்திருந்தது. எஞ்சின் நன்றாக ஆறியபின், ரேடியேட்டர் மூடி இருந்த இடத்தில் ஒரு கைப்பம்பை மாட்டிக் காற்று அடித்தார். பம்பில் இருந்த மீட்டர் ஏறி நின்றது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக இறங்கத் தொடங்கியது. தரையில் சொட்டு இல்லை.

“தம்பி, ரேடியோவ அடை.”

பையன் அடைத்தான். ஓடிக்கொண்டிருந்தது நான் வியாழக்கிழமை பதிவு செய்துவிட்டு வந்த நிகழ்ச்சி. என் குரலை என் முன்னாலேயே யாரும் அப்படி நிறுத்தியதில்லை. காற்றழுத்த இயந்திரத்தையும் நிறுத்தச் சொன்னார். பட்டறை அமைதியானது. மறுபடி பம்ப் அடித்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். எனக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. காதோரம் யாரோ பல்லிடுக்கில் மூச்சு விடுவதுபோல ஒரு சீறல்.

பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடியையும் டார்ச்சையும் எஞ்சினுக்குப் பின்னால் நுழைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். தண்ணீர் போகும் இரும்புக் குழாய் ஒன்று, மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் எஞ்சினை ஒட்டிப் போகிறது. அதன் வளைவில் துரு. துருவைச் சுற்றி உப்புப் பூத்ததுபோல வெள்ளைப் படலம். நடுவில் குண்டூசி முனை அளவு ஓட்டை. அதிலிருந்து முடி போன்ற நீர்க்கோடு ஒன்று பக்கத்து இரும்பில் பட்டுத் தெறித்துக்கொண்டிருந்தது.

கார் நிற்கும்போது அழுத்தம் இல்லை, துருவே ஓட்டையை அடைத்துக்கொள்கிறது. ஓடும்போது அழுத்தம் தள்ளுகிறது, வெளியே வந்த நீர் சூடான இரும்பில் பட்டு ஆவியாகிவிடுகிறது. என் நாளிதழ்கள் நனையாததும், வாசனை மட்டும் வந்ததும் இதனால்தான்.

“பச்சைத் தண்ணிதான் ஊத்துனீங்களா?” என்று போமன் கேட்டார்.

“பைப் தண்ணி,” என்றார் அப்பா.

போமன் குரலை உயர்த்தாமல் சொன்னார். கூலண்டில் துருப்பிடிக்காமல் காக்கும் மருந்து இருக்கிறது. தினமும் வெறும் தண்ணீர் ஊற்ற ஊற்ற அது நீர்த்துப்போகும். சிறிய ஓட்டை பெரிதாகும், பக்கத்தில் இன்னொன்று விழும். அப்பா பதில் சொல்லாமல் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து காரைக் காப்பாற்றுகிறோம் என்று ஊற்றியவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் பேசவில்லை.

புதிய குழாய் அதே வரிசையில் இருந்த உதிரிபாகக் கடையிலேயே கிடைத்தது. குழாய், ரப்பர் வளையம், புது மூடி, கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து இருநூற்றுப் பத்து வெள்ளி. வேலைக்கு மூன்று மணி நேரம் என்றார். நாங்கள் தாப்பா கடைத்தெருவில் நடந்தோம். எல்லோரும் மலைக்குப் போகும் வழியில் கடந்துவிடும் ஊர் அது, நானும் முப்பது வருடமாகக் கடந்திருக்கிறேன். பழைய இரண்டு மாடிக் கடைவீடுகள், நிழலான ஐந்தடி நடைபாதை, வாசலில் பூக்கட்டும் பாட்டி. தோட்டத்துச் சம்பளம் வந்ததும் தாத்தா இங்கேதான் சட்டைத் துணி எடுக்க அழைத்து வருவாராம். அந்தக் கடை இப்போது கைத்தொலைபேசிக் கடை. அப்பா அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். தோசையும் தே தாரிக்கும் சாப்பிட்டுவிட்டு அத்தைக்குப் போன் செய்தோம். “மெதுவா வாங்க, சோறு எங்கயும் ஓடிடாது,” என்றார்.

நான்கு மணிக்கு மறுபடி ஏறினோம். லாத்தா இஸ்கண்டாரில் நிறுத்தவில்லை. முள் பாதிக்குக் கீழே நின்றது. நான் சாலையைப் பார்த்ததைவிட அப்பா அந்த முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். பேராக் முடிந்து பகாங் தொடங்கியபோது பனி இறங்கியிருந்தது. ரிங்லெட்டில் அத்தை கம்பளிச் சட்டையோடு வாசலில் நின்றார். மெலிந்திருந்தார். எங்களைக் கவனிப்பதற்கு முன் காரைச் சுற்றி வந்து, பொனட்டில் கை வைத்துப் பார்த்தார். “இன்னும் இதையா வச்சிருக்க?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பொனட் திறக்கும் சத்தம் கேட்டு எழுந்தேன். ஜன்னல் வழியே பார்த்தேன். குளிரில் அப்பா, ஒரு கையில் டார்ச், ஒரு கையில் பாட்டில். ஆறியிருந்த எஞ்சினின் மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்தார். பச்சை நீர் விளிம்புவரை இருந்தது. மூடியைத் திருகி மூடினார். பாட்டிலில் இருந்த தண்ணீரை அத்தையின் ரோஜாத் தொட்டிகளுக்கு ஊற்றிவிட்டு உள்ளே வந்தார்.