பெட்டி வாங்கியே ஆகணுமா?

அமெரிக்காவுக்கு மகனைப் பார்க்க வந்த அப்பா இங்கேயே தவறிவிட்டார். நண்பர் வீட்டுத் துக்கம். தகனம்தான் என்று தெளிவாகச் சொல்லியும், அந்த ஃபியூனரல் ஹோமில் பளபளக்கும் மரப்பெட்டிகளை வரிசையாகக் காட்டினார்களாம். உடலைப் பதப்படுத்தும் எம்பாமிங் வேறு "சட்டப்படி கட்டாயம்" என்றார்களாம். சும்மா சொல்வது!

1984 முதல் ஃபெடரல் டிரேட் கமிஷனின் 'ஃபியூனரல் ரூல்' அமலில் இருக்கிறது. நேரில் போய்க் கேட்டால் அச்சிட்ட விலைப்பட்டியலைக் கையில் தரவேண்டும். போனில் கேட்டாலும் விலை சொல்லவேண்டும். சடங்கில்லாத நேரடித் தகனத்துக்கு மரப்பெட்டி வாங்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது, அட்டைப்பெட்டியே போதும். பெட்டியை வெளியே வாங்கிவந்தாலும் மறுக்க முடியாது, அதற்கென்று தனிக் கட்டணமும் போட முடியாது. ஆனால் இணையதளத்தில் விலை போடவேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை. அங்கேதான் வசதியாக ஒளிந்துகொள்கிறார்கள்.

அப்பாவின் உடலை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளை பேரம் பேசுவான்? "கடைசியா இதுகூடச் செய்யலையா" என்று ஊரில் கேட்பார்களே என்ற பயம் வேறு. அதனால் துக்க வீட்டுக்காரரை விலை பேச அனுப்பாதீர்கள். விவரம் தெரிந்த நண்பர் யாராவது இரண்டு மூன்று இடங்களுக்குப் போன் போட்டு விலை கேட்கட்டும். உடலை ஊருக்கு அனுப்புவதென்றால் மட்டும் கதை வேறு. அதற்குப் பெரும்பாலும் எம்பாமிங் சான்றிதழ் கேட்பார்கள்.